அயிரையும் ஆரலும்: மீன்பெயர்ப் பொருள்கோள் பற்றிய ஓர் ஆய்வு

சங்கச் செய்யுட்களுக்கு உரை காண்போர், மீன்பெயர் ஒன்று வருமிடத்துக் கைக்கொள்ளும் வழி பெரும்பாலும் இரண்டே. ‘ஒருவகை மீன்’ என எழுதி அப்பாற் செல்லுதல் ஒன்று. அகராதியைப் புரட்டி, அதன்கண் தரப்பட்டுள்ள இலத்தீன் பெயரை எடுத்தெழுதிப் பொருள் முடிந்தது என அமைதல் மற்றொன்று. முன்னது தன் அறியாமையை மறையாது காட்டுதலின் ஓராற்றான் நேர்மையுடையது. பின்னதோ அறிந்துவிட்டது போன்றதொரு தோற்றத்தைத் தந்து, இனி ஆராய்தற்கு ஒன்றுமில்லை என்னும் எண்ணத்தை மாணாக்கர் உள்ளத்தே விதைத்துவிடுகின்றது. ஆதலின் பின்னதையே ஈண்டுப் பெரிதும் ஆராய எடுத்துக்கொண்டோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ் லெக்சிகன், மீன்பெயர்கள் பலவற்றுக்கு நிறம், அளவு, இலத்தீன் பெயர் ஆகியவற்றைத் தந்துள்ளது. அதற்கு முன்னிருந்த நிகண்டுகளும் அகராதிகளும் செய்யாத பணி இது. அதன் பயனை நுகராத தமிழாசிரியர் எவருமிலர். எனினும் அப்பணி ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றது. தமிழ்ப்பெயர் ஒன்றுக்கு அறிவியற்பெயர் ஒன்று நேர்நிற்கும் என்பதே அவ்வெடுகோள். உயிர்நூலார் மீன்களை வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் எனப் படிநிலைகளாகப் பகுப்பர். தமிழ்ப்பெயர் இப்படிகளுள் எதன்கண் நிற்கின்றது என்னும் வினா அகராதியில் எழுப்பப்படவேயில்லை. எல்லாப் பெயரும் சிற்றினத்தின் பெயரே என்பது போலக் கொள்ளப்பட்டுவிட்டது. ஒவ்வொரு பெயரும் வெவ்வேறு படியில் நிற்கின்றது என்பதும், சிலபெயர்கள் அப்படிகளுக்கே புறம்பானதோர் அளவையால் அமைந்தன என்பதும், இவ்வேறுபாட்டைப் பாராமையால் செய்யுட்பொருள் சிதைகின்றது என்பதும் எம் கருத்து.

தமிழில் உயிர்ப்பாகுபாடு என்றவுடன் தொல்காப்பிய மரபியலைச் சுட்டுதல் வழக்கம். அறிவின் எண்ணிக்கையால் உயிர்களைப் பகுக்கும் அந்நூற்பாக்களில் நந்தும் எறும்பும் நண்டும் பெயர் பெறுகின்றன. மீன் பெயர் பெறவில்லை. ஆண்பாற்பெயர் கூறுமிடத்துச் சுறா ஒன்றே ‘ஏறு’ என்னும் பெயர்க்குரியதாக விதந்தோதப்படுகின்றது. ‘போத்து’ என்னும் பெயர் நீர்வாழ் சாதிக்கும் உரித்தாகின்றது. மரபியலின் நோக்கம் சொல்வழக்கை வரையறுத்தலேயன்றி விலங்கு நூல் இயற்றுதலன்று; ஆகவே அதன்கண் மீன்வகைப்பாடு தேடிக் காணாமல் வருந்துதலும், இல்லாததைக் கண்டதாக மகிழ்தலும் ஒருங்கே வேண்டாதன. நிகண்டுகள் மீன்பெயர்களை விலங்கின் பெயர்த்தொகுதியுள் அடக்கின. ஒரு பொருளுக்குரிய பலபெயரை நிரல்படுத்துதல் அவற்றின் தொழில். செய்யுள் இயற்றுவோனுக்குச் சீருக்கும் தொடைக்கும் ஏற்ற சொல் வேண்டும். அவன் தேவைக்கு அது போதும். நிரலில் அடுத்தடுத்து நின்ற பெயர்களைப் பிற்காலத்தார் ஒருபொருட் கிளவிகள் எனக் கொண்டதனால்தான் கயலும் சேலும் கெண்டையும் தம்முள் வேறுபாடற்றுப் போயின.

அறிவியல் வகைப்பாட்டின் இயல்பு இதனின் வேறு. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், அடித்துடுப்பு அமைந்துள்ள இடம் பற்றி மீன்களைப் பகுத்தார். அவருக்கு வழிகாட்டியவர் அவர்தம் நண்பர் ஆர்ட்டெடி. 1735-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கால்வாயில் வீழ்ந்து இளமையிலேயே இறந்துபட்டவர். முந்திய பதிப்புகளில் திமிங்கிலத்தை மீனினத்துள் வைத்திருந்த லின்னேயஸ், இப்பத்தாம் பதிப்பிலேதான் அதனைப் பாலூட்டிகளுள் சேர்த்தார். திமிங்கிலத்தை மீன் என்ற நம் முன்னோரை நகுவார் இதனை நினைவிற் கொள்க. பின்வந்தோர் எலும்பமைப்பாலும், இக்காலத்தார் மரபணுவாலும் பகுப்பைத் திருத்தி வருகின்றனர். ஆயினும் இரண்டு விதிகள் மாறாது நிற்கின்றன. ஒரு மீனுக்கு இடப்பட்ட பெயர்களுள் முறைப்படி முதலில் வெளிவந்ததே செல்லும் என்பது ஒன்று. பெயரானது சான்றாக வைக்கப்பட்ட ஒரு மீனுடலோடு பிணைக்கப்பட்டது என்பது மற்றொன்று. நிகண்டில் ஒருபொருட் பன்மொழி செல்வம். உயிர்நூலில் அது களையப்பட வேண்டிய மிகை.

இவ்விரு மரபுகளும் ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்த இடம் தமிழகத்திலேயே உண்டு. தரங்கம்பாடியில் 1771 முதல் வாழ்ந்த சமயத்தொண்டர் ஜான் என்பார், சோழமண்டலக் கரையில் கிடைத்த மீன்களைப் பெர்லினில் இருந்த மருத்துவர் புளோக்குக்கு அனுப்பி வந்தார். புளோக்கு மீன்களைப் பற்றிப் படங்களுடன் பெருநூல் இயற்றியவர். நம் நாட்டு மீன்கள் பலவற்றுக்கு முதன்முதல் அறிவியற்பெயர் இட்டவர் அவரே. நன்றிக்கடனாக, கத்தலையினத்தைச் சார்ந்த ஒரு பேரினத்துக்கு ஜான் பெயரால் ‘ஜானியஸ்’ எனப் பெயரிட்டார். மீன்களோடு அவற்றின் தமிழ்ப்பெயர்களும் கடல் கடந்தன. 1799-இல் புளோக்கு இறந்தபின், ஷ்னைடர் என்பார் அவர் நூலை நிறைவு செய்து 1801-இல் வெளியிட்டார். அதன்கண் ஒரு மீன் ‘ரின்கோப்டெல்லா ஆரல்’ எனப் பெயர் பெற்றது. பேரினப்பெயர் இன்று மாக்ரோக்நாதஸ் என மாறிவிட்டபோதிலும், ‘ஆரல்’ என்னும் சிற்றினப்பெயர் மாறவில்லை. சங்கப்புலவர் வழங்கிய சொல் அவ்வாறே உலக உயிர்நூலின் ஏட்டில் நிற்கின்றது.

வராலுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் லாசெப்பேடு 1801-இல் ஒரு மீனை ‘ஒபிசெபாலஸ் வ்ரால்’ எனவும், மற்றொன்றை ‘ஒபிசெபாலஸ் கருவெய்’ எனவும் வழங்கினார். முன்னது நம் வரால், பின்னது குறவை. ஆனால் அவ்விரண்டுக்கும் 1793-இலேயே புளோக்கு வேறு பெயர்கள் இட்டுவிட்டமையின் தமிழ்ப்பெயர்கள் செல்லாப் பெயர்களாயின. பேரினப்பெயரும் பின்னர் ‘சன்னா’ எனத் திருந்தியது. அது 1777-இலேயே இடப்பட்ட பெயராதலின், முன்னர்க் கூறிய விதிப்படி அதுவே நின்றது. எனவே பழைய அகராதிகளை நோக்கி வராலுக்கு ‘ஒபியோசெபாலஸ்’ என இன்று எழுதும் உரையாசிரியர், உயிர்நூலார் கைவிட்ட பெயரைத் தமிழ்ச்சொல்லுக்கு விளக்கமாகத் தருகின்றார். மாறாத சொல்லுக்கு மாறும் சொல்லால் பொருள் உரைப்பதன் இடர்ப்பாடு இது. இலக்கண ஆராய்ச்சியாளர்க்கு ஒன்று கூறுவோம்: ‘வ்ரால்’, ‘கருவெய்’ என்னும் எழுத்துவடிவங்கள் ஐரோப்பியர் செவிவழிச் சென்றனவாயினும், பதினெட்டாம் நூற்றாண்டின் பேச்சொலியைச் சிறிதேனும் தாங்கியுள்ளன. வரால் என்பதன் முதலெழுத்து உயிர் அன்றே தேய்ந்து ஒலித்தது போலும். கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் ஆராய்வார் மீன் நூல்களையும் ஒருகால் நோக்குதல் தகும்.

இனி, நூல்வழக்கை விடுத்து உலகவழக்கைக் காண்போம். இதன்பொருட்டுக் கடற்கரையையோ காவிரிப்படுகையையோ நாடாமல், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் வறள்நிலத்தை, சிறப்பாக எம்.ரெட்டியபட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களையும் தேர்ந்தோம். மீனுக்கும் அந்நிலத்துக்கும் என்ன இயைபு எனச் சிலர் வினவக்கூடும். திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு மழைக்காலத்து மட்டுமே நீர் காண்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் பெருகும். பங்குனி, சித்திரையில் வற்றும். நீர் நிற்பது சில திங்களே யாதலின், அங்கு வாழும் மீன்கள் அச்சுருங்கிய காலத்துக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுப்பனவாகவே இருத்தல் வேண்டும். வரால், குறவை, தேளி, பனையேறி ஆகியன நீரிலன்றிக் காற்றையும் நேரே உயிர்க்கும் உறுப்புடையன. ஈரச்சேற்றில் சிலகாலம் உய்வன. கண்மாய் வற்றுங்கால் ஊர்மக்கள் ஒருங்கு கூடி, ஊத்தாவும் கச்சாவும் கொண்டு மீன் பிடித்தலின், மீன்பெயர் அறிவு செம்படவர்க்கு மட்டும் உரியதாக இன்றி உழவர்க்கும் பெண்டிர்க்கும் சிறார்க்கும் பொதுவாகின்றது. பெயர் வழக்கை ஆராய்வார்க்கு இதனினும் ஏற்ற களம் அரிது.

இக்கண்மாய் ஊர்களில் யாம் கேட்டறிந்த பெயர்கள் விரால், குறவை, கெண்டை, கெளுத்தி, ஆரல் (பேச்சில் ‘ஆரா’), உளுவை, அயிரை முதலியன. இவற்றோடு ஜிலேபி, கட்லா, ரோகு என்பனவும் இன்று தடையின்றி வழங்குகின்றன. பின்னின்ற மூன்றும் புதியன. கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளுக்குரியன. கண்மாய்களில் குஞ்சு விட்டு வளர்க்கப்படுவன. ஜிலேபி என்பது ‘திலாப்பியா’ என்னும் பெயரின் பேச்சுத்திரிபு. ஆப்பிரிக்காவிற்குரிய அம்மீன் 1952-இல் இலங்கைவழி இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. இனிப்புப் பண்டத்தின் பெயரோடு ஒலியொத்தமையால் அத்திரிபு எளிதில் நிலைத்தது போலும்.

ஆனால் ஜிலேபி என்பதினும் ‘ஜிலேபிக் கெண்டை’ என்பதே எம் கருத்தை ஈர்த்தது. அவ்வாறே ‘கட்லாக் கெண்டை’, ‘பனையேறிக் கெண்டை’, ‘வெண்கெண்டை’, ‘சேல்கெண்டை’ என்றெல்லாம் தமிழகத்தின் பலவிடத்தும் வழங்கக் காண்கின்றோம். உயிர்நூல் நோக்கில் கட்லா கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்ததே. ஜிலேபியோ பனையேறியோ அக்குடும்பத்தவையல்ல, தம்முள்ளும் உறவற்றன. அங்ஙனமாயின் மக்கள் பிழைபட வழங்குகின்றனரா? அன்று. செதிலுடையதாய், பக்கவாட்டில் தட்டையாய், நன்னீரில் வாழ்வதாய் உள்ள மீன் எதுவாயினும் அது கெண்டை என்னும் தலைப்பெயர்க்குள் அடங்கும். முன்னொட்டு வேறுபாட்டைக் காட்டும். இரட்டைப்பெயர் இடும் இவ்வமைப்பு லின்னேயஸ் முறையை நினைவூட்டுவது. வேறுபாடு என்னையெனின், லின்னேயஸ் வழிவந்தோர் பிறப்புறவை நாடினர். கண்மாய்க்கரை மக்கள் வடிவையும் தோலையும் நாடினர். 1952-இல் வந்த புதுமீனையும் ஒருதலைமுறைக்குள் தன்னகத்தே அடக்கி வைக்கும் ஆற்றல் இவ்வழக்கிற்கு உண்டு என்பதே அது உயிருள்ள வகைப்பாடு என்பதற்குச் சான்று. கெண்டை என்பதற்கு நேராகச் சிற்றினப்பெயர் ஒன்றை எழுதும் அகராதி, ஓர் ஊரின் பெயருக்கு ஒரு வீட்டின் எண்ணை எழுதுகின்றது.

இக்குறையை உயிர்நூலாரே உணர்ந்து, நாட்டுவழக்கின் தலைப்பெயர்களைத் தம் பேரினப்பெயர்களாக ஏற்றதும் உண்டு. சிறுகெண்டைகளுக்குரிய ‘புண்டியஸ்’ என்னும் பேரினப்பெயர் வங்காளத்துப் ‘புண்டி’ என்பதன் இலத்தீன் உரு. அப்பேரினத்தை 2012-இல் இலங்கை ஆய்வாளர் பலவாகப் பிரித்தபோது, ஒன்றுக்குச் சிங்கள வழக்கினின்று ‘பெதியா’ எனப் பெயரிட்டனர்.

வாளை என்பது வடிவு பற்றிய பெயருக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. வாள்போல் நீண்டு ஒளிரும் கடல்மீனும் வாளை. மருதநிலத்துப் பொய்கையிற் பாயும் செதிலற்ற பெருமீனும் வாளை. இரண்டும் பிறப்பால் மிகச் சேய்மையன. தமிழ் லெக்சிகன் இங்கு இரண்டையும் வேறு பிரித்துக் காட்டியிருப்பது பாராட்டற்குரியது. இவ்விழிப்பு எல்லாவிடத்தும் இருந்திருப்பின் இக்கட்டுரைக்கு வேலையில்லை.

இப்பாகுபாட்டு வேறுபாடு செய்யுட்பொருளை எவ்வாறு தாக்குகின்றது என்பதை இரு பெயர்களைக் கொண்டு காண்போம். முதற்கண் ஆரல். குறுந்தொகை 25-ஆம் செய்யுள் கபிலர் பாட்டு. தலைவன் தன்னைக் களவில் மணந்த காலத்து அங்கு வேறு சான்று எவருமிலர் என வருந்தும் தலைவி, ஓடும் நீரில் ஆரலை நோக்கி நின்ற குருகு ஒன்று மட்டும் அங்கிருந்தது என்கின்றாள். அக்குருகு இருந்தும் இல்லாதது போன்றது என்பதே குறிப்பு. இதனை உரையாசிரியர் பலரும் நன்கு எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் குருகு ஏன் ஆரலை நோக்குதல் வேண்டும் என்பார் அரியர். ஆரல் என்பதற்கு ‘ஒருவகை மீன்’ என்று எழுதியபின் அவ்வினா எழுதற்கு இடமில்லை.

ஆரல் பாம்புபோல் நீண்டு, முதுகில் முள்வரிசையும் கூரிய மூக்கும் உடைய மீன். பகற்பொழுதில் மணலுள்ளோ சேற்றினுள்ளோ உடலைப் புதைத்து, மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மறைந்திருத்தல் அதன் இயல்பு. இரவிலேயே வெளிப்பட்டு இரை தேடும். கெண்டையோ திரளாகத் திரிவது. ஒன்று தப்பினும் மற்றொன்று அகப்படும். குருகு கண்ணை ஒருகால் எடுத்து மீளவும் நோக்கலாம். ஆரலை வேட்டம் கொள்ளும் குருகிற்கு அவ்வாய்ப்பு இல்லை. மணற்பரப்பில் ஒரு சிறு மூக்கு நுனி அசையுந்துணையும் அது இமையாது நிற்றல் வேண்டும். நீரும் ஓடுநீர், மணல் தோற்றம் நொடிதோறும் மாறுவது. ஆகவே அதன் பார்வை முழுவதும் நீரடியிற் கட்டுண்டது. கண்முன் நிகழ்ந்த மணத்தை அக்குருகு காணாதது பறவை என்பதனால் மட்டுமன்று. அது நோக்கிய மீன் ஆரல் என்பதனாலும் ஆம்.

ஆரல் குருகினத்தின் இரையாகக் கூறப்படுதல் சங்கச் செய்யுளில் மரபே என்றும், கபிலர் தேர்ந்தெடுத்தார் எனல் மிகை என்றும் கூறுவார் உளர். குறுந்தொகை 114-ஆம் செய்யுளிலும் ஆரல் உண்ட நாரை வருகின்றது. அதுவே எமக்குச் சான்றாகின்றது. அங்கு நாரை ஆரலை வயிறார உண்டுவிட்டது. அதன் கவலை தீர்ந்தது, எங்கும் நடக்கின்றது, கிடத்தப்பட்ட பாவையின் நுதலை மிதித்துவிடுமோ என்னும் அச்சம் தோன்றுகின்றது. உண்ணாத குருகு அசையாது நிற்கின்றது. உண்ட நாரை கருதாது நடக்கின்றது. இரண்டிலும் மீன் ஒன்றே. மரபு என்பது காட்சி மறைந்தபின் எஞ்சிய சொற்கூடு அன்று. இவ்விரு புலவரும் காட்சியை அறிந்தே மரபை வழங்கினர் என்பது இவ்வொப்பீட்டால் தெற்றென விளங்கும்.

இங்கு ஆரல் எந்தச் சிற்றினம் என்று துணிதல் வேண்டுமா? கல்லாரல் எனப்படும் ‘மாஸ்டசெம்பெலஸ் அர்மாட்டஸ்’ ஓடைகளில் வாழ்வது. ‘மாக்ரோக்நாதஸ் ஆரல்’ அசைவு குறைந்த நீர்நிலைகளிற் பெரிதும் காணப்படுவது. குறிஞ்சித்திணையும் ஓடுநீரும் முன்னதற்கே பொருந்துவன. எனினும் மணலிற் புதையும் இயல்பு அக்குடும்பத்துக்குப் பொதுவாதலின், செய்யுட்பொருள் அத்துணிவை வேண்டி நிற்கவில்லை. ஆரல் என்பது குடும்பப் படியில் நிற்கும் பெயர். அப்படியிலேயே பொருள் எழுதுக. கண்மாய் ஊரார் ‘ஆரா’ என்பதும் அப்படியிலேயே.

இரண்டாவது அயிரை. தமிழ் லெக்சிகன் இதனை ‘கோபிடிஸ் தெர்மாலிஸ்’ என்னும் மணல்நிறச் சிறுமீனாகக் காட்டுகின்றது. அப்பெயர் பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் 1846-இல் இட்டது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீரூற்றிலிருந்து பெறப்பட்ட மீனை நோக்கி, வெப்பநீர்க்குரியது என்னும் பொருளில் அவர் அவ்வாறு பெயரிட்டார். இன்று அது ‘லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ்’ எனப்படும். விரலளவே வளரும் இம்மீன் ஓடைகளிலும் கண்மாய்களிலும் மணலடியில் வாழ்வது. மதுரைப்பகுதியில் உயிருடன் விலைக்கு வருவதும், பால் கலந்த நீரில் விட்டு உண்ட மண்ணைக் கக்கச் செய்தபின் குழம்பாக்கப்படுவதும் இதுவே. திருச்சுழிப் பகுதியிலும் அயிரை எனின் இதுவன்றிப் பிறிதில்லை. அங்குப் பேரப்பிள்ளையிடம் கேட்பினும் பாட்டியிடம் கேட்பினும் விடை ஒன்றே. ஆகவே இக்கால வழக்கிற்கு அகராதி கூறும் பொருள் முற்றிலும் பொருந்துவதே. இங்குத் தமிழ்ப்பெயர் ஏறத்தாழச் சிற்றினப் படியிலேயே நிற்கின்றது.

இப்பொருளைச் சங்கச் செய்யுளுக்கு ஏற்றும்போதுதான் இடர் எழுகின்றது. குறுந்தொகை 166-இல் மரந்தை என்னும் ஊர் பேசப்படுகின்றது. கடல் அலை பெயர்த்தலால் வெண்ணாரைகள் வரிசை மாறிச் சென்று அயிரையை உண்ணும் ஊர் அது. குறுந்தொகை 128-இல் பரணர், கீழ்க்கடலோரத்தே பறத்தலாற்றாது இருக்கும் முதுநாரை ஒன்று, சேரனது தொண்டித் துறையின் அயிரையை விரும்பித் தலைநீட்டுதலை உவமையாக்குகின்றார். புறநானூறு 67-இல் பிசிராந்தையார், குமரிப் பெருந்துறையில் அயிரையை மேய்ந்து இமயம் நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலைக் கோப்பெருஞ்சோழன்பால் தூது விடுகின்றார். மூன்றிடத்தும் அயிரை துறையிலும் கரையிலும் வாழ்வது. கண்மாய்க்கும் ஓடைக்கும் உரிய நன்னீர்மீன் அங்கு எவ்வாறு வந்தது?

மூன்று சான்றும் ஒரே வலிமையுடையன அல்ல என்பதை முதற்கண் ஒப்புதல் வேண்டும். குமரித்துறையைக் கடற்றுறை என்பாரும் ஆற்றுத்துறை என்பாரும் உளர்; ஆற்றுத்துறையாயின் நன்னீர் அயிரைக்கு இடையூறில்லை. தொண்டி மேற்கரைத் துறை. மலையாற்று நீர் வந்து கலக்கும் கழிகள் நிறைந்த கரை அது. மழைவெள்ளம் ஆற்றுமீனைத் துறைவரை கொணர்தல் கூடும். மரந்தைச் செய்யுளுக்கு மட்டும் இவ்விளக்கம் செல்லாது. அங்கு நாரையை இடம்பெயர்ப்பது கடலலை. அவ்வலை வந்து மோதும் கரையிலேயே அயிரை கிடைக்கின்றது. அம்மீன் உவர்நீரிலோ கழிநீரிலோ வாழ்வதாதல் வேண்டும். ‘கோபிடிஸ் தெர்மாலிஸ்’ அவ்வாறு வாழ்வதன்று.

இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழி மூன்று. புலவர் மீனறியாது பாடினார் எனல் ஒன்று. நெய்தற்கரையை இத்துணை நுணுகி அறிந்தார்மேல் அப்பழியை ஏற்றுதல் பொருந்தாது. பாடம் பிழைபட்டது எனல் மற்றொன்று. வெவ்வேறு புலவரின் மூன்று செய்யுளிலும் ஒரே சொல் பிழைபட்டது என நம்புதல் அரிது. எஞ்சியது, அயிரை என்னும் சொல் அக்காலத்து இன்றைய மீன் ஒன்றையே குறித்ததன்று என்பது. இதற்குச் சொல்லே துணைசெய்கின்றது. ‘அயிர்’ என்பது நுண்மணல். நுண்மணலில் வாழ்வது என்றோ, நுண்மணல்போற் சிறியது என்றோ இப்பெயர் எழுந்திருத்தல் வேண்டும் எனக் கருதுகின்றோம். எப்பொருள் கொள்ளினும் பெயர்க்குக் காரணம் பிறப்பன்று, வாழிடமும் அளவும். துறையின் மணலடியிற் புரளும் சிறுமீன்களும், ஓடை மணலிற் புதையும் சிறுமீனும் அயிரையே ஆயின. காலப்போக்கில் கடற்கரை வழக்கில் ஒவ்வொரு சிறுமீனும் தனித்தனிப் பெயர் பெற, அயிரை என்னும் பொதுப்பெயர் உள்நாட்டுக் கண்மாய்களில் ஒரு மீனுக்கே சிறப்புப்பெயராய்ச் சுருங்கி நின்றது. பொதுப்பெயர் சிறப்புப்பெயராதல் தமிழில் புதுமையன்று. எல்லா வகை வித்தின் நெய்க்கும் பொதுவாய்ப் பின்னர் வழங்கிய ‘எண்ணெய்’ முதலில் எள்ளின் நெய்யாக இருந்ததை எதிர்த்திசையிற் காண்க. சேரநாட்டு அயிரைமலையின் பெயரையும் இதனோடு இயைப்பார் உளராயின், அது வேறொரு கட்டுரைக்குரியது. மீனைக்கொண்டு மலையை அளத்தல் எம் நோக்கமன்று.

இம்முடிபு ஏற்கப்படின் பரணர் உவமை முன்னினும் தெளிவாகின்றது. கீழ்க்கரை நாரைக்குத் தன் கரையில் இரையே இல்லை என்பதன்று பொருள். துறைமணலின் சிறுமீன் இருகரைக்கும் பொதுவன்றோ? அண்மையிலிருப்பதை விட்டுச் சேய்மையிலுள்ள தொண்டியின் அயிரையையே அது நாடுகின்றது, பறக்கவோ சிறகில்லை. கிடைத்தற்கரிய ஒருத்தியையே நாடும் தலைவன் நெஞ்சுக்கு இவ்வுவமை முழுதும் பொருந்துகின்றது. நன்னீர்மீன் ஒன்றையே பொருளாகக் கொள்வார்க்கு, கடற்கரை நாரை கிடையாத உணவை விரும்பியது என்னும் அளவோடு உவமை நின்றுவிடும்.

கயல், சேல் பற்றி விரித்துரைத்தற்கு இடமில்லை. கண்ணுக்கு உவமையாகும் கயலுக்கும் பாண்டியர் இலச்சினையாகும் கயலுக்கும் சிற்றினப்பெயர் தேடுதல் வீண்முயற்சி என்றே கருதுகின்றோம். உவமைக்கு வேண்டுவன வடிவும் ஒளியும் பிறழ்ச்சியும். கயல் என்னும் சொல் யாம் கேட்ட ஊர்களின் பேச்சில் இல்லை. சேல் மட்டும் ‘சேல்கெண்டை’ என்னும் தொகைச்சொல்லில் முன்னொட்டாய் ஒட்டி உயிர்வாழ்கின்றது. நிகண்டு சேலைக் கெண்டையோடு ஒன்றாக்கியது. பேச்சுவழக்கு அதனைக் கெண்டையுள் ஒருவகையாக வைத்தது. இவ்விரண்டனுள் வழக்கே நுண்ணியது.

இனி அகராதி எவ்வாறு அமைதல் வேண்டும்? அயிரையை எடுத்துக்கொள்வோம். முதற்பொருளாகத் துறையிலும் ஓடையிலும் நுண்மணலில் வாழும் சிறுமீன்களின் பொதுப்பெயர் எனவும், அதற்குச் சான்றாகக் குறுந்தொகை 128, 166, புறநானூறு 67 எனவும் எழுதுதல் வேண்டும். இரண்டாம் பொருளாக மதுரை, விருதுநகர்ப் பகுதிகளின் இக்கால வழக்கு எனக் குறித்து அறிவியற்பெயரை இடுதல் வேண்டும். அப்பெயர் எவ்வாண்டின் நூலைத் தழுவியது என்பதும் உடன் வேண்டும். எவ்வூரில், எந்நீர்நிலையில், எவ்வுடலை நோக்கிப் பெயர் கேட்கப்பட்டது என்னும் குறிப்பின்றி இரண்டாம் பொருளை எழுதலாகாது. தரங்கம்பாடி ஜான் பெயரோடு மீனுடலையும் சேர்த்து அனுப்பினமையால்தான், இருநூறாண்டுக்குப் பின்னும் ‘ஆரல்’ எதைக் குறித்தது என்பதில் ஐயமில்லை. பெயரை மட்டும் தொகுத்த நம் நிகண்டுகளால் ‘சேல்’ எதைக் குறித்தது எனக் கூற இயலவில்லை.

இத்தொகுப்பு வேலை விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் கூடிச் செய்தற்குரியது. காலம் தாழ்த்தற்கும் உரியதன்று. குஞ்சு விட்டு வளர்க்கும் மீன்களே கண்மாய்க் குத்தகையில் விலை பெறுதலின், உளுவையும் குறவையும் ‘பொடிமீன்’ என்னும் ஒரு பெயருக்குள் அடக்கப்பட்டு வருதலை எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து இளைஞர் பேச்சில் கண்டோம். முதியோர் ஏழு பெயர் கூறிய குவியலுக்கு இளையோர் மூன்று பெயரே கூறினர். மழை பெய்து குண்டாற்று வரத்துக்கால்களில் நீர் வரும் ஆண்டில், வலையும் எழுதுகோலும் கொண்டு இரு துறை மாணாக்கரும் அக்கரைகளுக்குச் செல்வாராயின், முதலிற் கேட்க வேண்டிய பெயர்கள் அயிரை, ஆரல், சேல்கெண்டை என்பன.